கூட்டிலிருந்து எடுத்த கை

தெமிர்கான் குருவைத் தேடிப் போனபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்து மூன்று.

குருவின் பெயர் ஷோல்பான். வடக்கே, கோடையிலும் உச்சிப்பனி கரையாத மலைநாட்டில், கழுகு வளர்ப்பவர்கள் நடுவே அவள் பெயரைச் சொன்னால் பெரிய பேச்சுக்காரர்களும் கொஞ்சம் அடக்கி வாசிப்பார்கள். அந்த நாட்டில் ஆட்கள் கம்பளிக் கூடாரத்தில் வாழ்ந்தார்கள், குதிரையில் போனார்கள், குளிர்காலத்தில் பொன்னிறக் கழுகைக் கையில் ஏந்திக்கொண்டு நரி வேட்டைக்குக் கிளம்பினார்கள். கழுகு என்றால் பெட்டைக் கழுகுதான். ஆணைவிடப் பெட்டைக்கு உடம்பும் பெரிது, துணிச்சலும் பெரிது. அங்கத்திய ஆண்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, என்ன செய்வது.

தெமிர்கான் இருபத்தைந்து வருஷம் ஒரு கணவாய்க் கோட்டைக்குத் தளபதியாக இருந்தவர். நாற்பது பேரை அதட்டியே பழகிய குரல். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தால் அதட்ட ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகியிருந்தது.

கழுகுப் பைத்தியம் அவருக்குக் கோட்டையிலேயே பிடித்துவிட்டது. ஒரு நாள் காவல் மேடையில் நின்றபோது எதிர்மலைக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி சிறகை மடக்கியது. மடக்கியதுதான் தெரியும், அடுத்த நொடி வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது. கீழே ஓடிய நரிக்குத் தான் பிடிபட்டது தெரிவதற்குள் உயிர் போயிருந்தது. கழுகு அதன் மேல் நின்று தலையை நிமிர்த்தியது. பிடரி இறகில் வெயில் விழுந்து பொன்னாக மின்னியது. அன்றைக்கு வாயைப் பிளந்த மனிதர், அப்புறம் சரியாக மூடவேயில்லை. எங்கே கழுகு பறந்தாலும் காவலை மறந்து அண்ணாந்து நிற்பார். எதிரிகள் யாரும் அந்த நேரம் பார்த்து வராதது நாட்டின் அதிர்ஷ்டம்.

அப்படிப்பட்டவர்தான் ஐந்து நாள் குதிரைப் பயணம் செய்து ஷோல்பானின் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார். சேணத்தின் முன்புறம் ஒரு கட்டை. கட்டையின் மேல் கால்வாரில் கட்டிய இளம் கழுகு. அவர் வருவதற்கு முன்பே அதன் கத்தல் வந்து சேர்ந்துவிட்டது.

கூடார வாசலில் ஒரு பெண் தோல் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இங்கே ஷோல்பான்ங்கிறது யாரு?"

"நான்தான்."

தெமிர்கான் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாருமில்லை.

"உங்க அப்பா இருக்காரா?"

"இருக்கார். ஆடு மேய்க்கிறார். உங்களுக்கு ஆடு வேணுமா, கழுகு வேணுமா?"

தெமிர்கான் குதிரையிலிருந்து இறங்கினார்.

"கழுகை வேட்டைக்குப் பழக்கக் கத்துக்கணும்," என்றார். குரல் தானாகவே தணிந்திருந்தது.

ஷோல்பான் எழுந்து வந்து இளம் கழுகைப் பார்த்தாள். இறகெல்லாம் நன்றாக முளைத்திருந்தது. சிறகிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை, எல்லா இளம் பொன்னிறக் கழுகுக்கும் இருப்பது போல. அழகான பறவை. ஆனால் வாய் மூடவில்லை. தெமிர்கான் தலையைத் திருப்பினால் கத்தியது, கையை அசைத்தால் கத்தியது, சும்மா நின்றால் இன்னும் கூடுதலாகக் கத்தியது.

"கூட்டிலிருந்து எடுத்தப்போ எத்தனை நாள் குஞ்சு?"

"பதினஞ்சு நாள் இருக்கும். வெள்ளைப் பஞ்சா இருந்தா. நானே இடுப்புல கயிறு கட்டிக்கிட்டுப் பாறையில இறங்கி எடுத்தேன்."

"யாரு ஊட்டினது?"

"நான்தான், இந்தக் கையால. கறியைத் துணுக்குத் துணுக்கா நறுக்கி ஊட்டினேன். பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக்குவேன். அல்தின்னு பேரு." அல்தின் என்றால் அவர்கள் மொழியில் பொன். "என்னைப் பார்த்தாப் போதும், கூப்பிட ஆரம்பிச்சிடுவா. வழி நெடுக ஒரு நிமிஷம் நிறுத்தல. அவ்வளவு பாசம்."

கூடாரத்தின் பக்கவாட்டில் நிழலில் இன்னொரு கழுகு உட்கார்ந்திருந்தது. ஷோல்பானோடு எட்டுக் குளிர்காலம் வேட்டையாடிய கழுகு. ஷோல்பான் அதைக் கடந்து போனபோது அது தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. வேலியைப் பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது.

தெமிர்கானுக்கு அவள் மேல் இரக்கமாகிவிட்டது.

"உங்க பறவைக்கு உங்களைப் பிடிக்காதோ?"

"நான் கேட்டதில்ல."

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்," என்றார் தெமிர்கான். "இவ என்னை விட்டுப் போகாம இருக்க என்ன செய்யணும்?"

ஷோல்பான் கூடாரத்துக்குள் போய், கண்ணியில் பிடித்து வைத்திருந்த முயல் ஒன்றைக் காதைப் பிடித்துத் தூக்கி வந்தாள். கழுகின் கால்வாரை அவிழ்த்தாள். முயலை அதன் மூக்குக்கு நேரே தரையில் விட்டாள்.

முயல் ஒரு கணம் விறைத்துப்போய் நின்றது. பிறகு புல்வெளியில் ஓட்டம் பிடித்தது. எந்தக் கழுகும் விடாத முயல். கைக்கெட்டும் தூரம், திறந்த வெளி, ஒளிய ஒரு புதர்கூட இல்லை.

அல்தின் கட்டையிலிருந்து தொப்பென்று குதித்தது. தத்தித் தத்தி நடந்து தெமிர்கானின் காலடிக்கு வந்தது. அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தியது.

முயல் மேட்டைத் தாண்டி மறைந்தது.

"இவ உங்களை விட்டுப் போகவே மாட்டா," என்றாள் ஷோல்பான்.

தெமிர்கானின் முகம் மலர்ந்தது.

"முப்பது வருஷம் இருப்பா. கட்டிப் போட்டு ஊட்டிக்கிட்டே இருக்கணும். வேட்டைக்கு ஆக மாட்டா, பசிச்சா கொல்லணும்னே இவளுக்குத் தெரியாது, கத்தணும்னுதான் தெரியும். மலையில விட்டீங்கன்னா எந்தக் கூடாரம் கண்ணுல படுதோ அங்கே இறங்கி நின்னு கத்துவா. ஆட்டுக்குட்டியைத் தூக்க வந்திருக்குன்னு தடியால அடிச்சுக் கொல்லுவாங்க."

மலர்ந்த முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெமிர்கானுக்குத் தெரியவில்லை.

"நீங்க வளர்த்தது கழுகு இல்ல, தளபதியாரே. பெரிய குஞ்சு."

"முப்பது வருஷமா?" என்றார் அவர் மெதுவாக. "எனக்கு ஐம்பத்தெட்டு."

"அதனாலதான் சொன்னேன்."

"நான் போயிட்டா?"

"கத்திக்கிட்டே இருப்பா."

தெமிர்கான் புல்லில் உட்கார்ந்தார். கழுகு அவர் மடியில் ஏறப் பார்த்தது. அந்தக் கனத்தை மடியில் வைத்துக்கொள்ள அவருக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"ஏதாவது வழி இருக்கா, குருவே?"

"இருக்கு. உங்களுக்குப் பிடிக்காது."

வழி இதுதான். ஆள் ஏறாத ஒரு பாறை விளிம்பில் கழுகை விட்டுவிட வேண்டும். மேலிருந்து, கற்சுவருக்குப் பின்னால் மறைந்து, குழாய் போலக் குடைந்த மரக்கட்டை வழியாகக் கறியைக் கீழே சரிய விட வேண்டும். கறி எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியக் கூடாது. மனித முகம் கண்ணில் படக் கூடாது, மனிதக் குரல் காதில் விழக் கூடாது. கழுகு மனிதனை மறக்க வேண்டும். பிறகு தானாகப் பறந்து, தானாகக் கொன்று தின்று பழக வேண்டும். இலையுதிர் காலத்தில் வலை வைத்து, முன்பின் அறியாத காட்டுக் கழுகைப் பிடிப்பது போலப் பிடித்து, முதலிலிருந்து பழக்க வேண்டும்.

"அப்புறம் பத்துக் குளிர்காலம் உங்களோட வேட்டையாடுவா," என்றாள் ஷோல்பான். "அதுக்கப்புறம் மலைக்கே திருப்பி விட்டுடுவோம். அது எங்க வழக்கம்."

"எத்தனை நாள் அவளைப் பார்க்காம இருக்கணும்?"

"நீங்க பார்க்கலாம். அவ உங்களைப் பார்க்கக் கூடாது."

இது லேசு என்று தெமிர்கான் நினைத்துக்கொண்டார். மனிதர் பாவம், ஒன்றும் தெரியாது.

முதல் நாள் கழுகு காலையிலிருந்து பொழுது சாயும்வரை கத்தியது. கற்சுவருக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் கறியைச் சரிய விட்ட தெமிர்கானுக்கு அந்தக் கத்தல் நேராக நெஞ்சுக்குழியில் வந்து விழுந்தது. பெற்ற மகள் கல்யாணமாகித் தூரதேசம் போனபோதுகூட அவர் இப்படிக் கலங்கவில்லை. இரண்டாம் நாளும் கத்தியது. ஐந்தாம் நாள் குரல் கம்மிப்போனது, ஆனாலும் கத்தியது. அவர் கையைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

ஷோல்பான் மலையடியில் சின்னக் கூடாரம் போட்டிருந்தாள். ஒவ்வொரு நாள் முடிந்ததும் வாசலில் ஒரு கூழாங்கல்லை வரிசையில் வைப்பாள்.

ஒன்பதாம் நாள் கத்தல் வேறு மாதிரி கேட்டது, அடிபட்டது போல. அடிபட்டிருக்காது என்று அவருக்கே பாதி தெரியும். மீதிப் பாதி எழுந்து சுவருக்கு மேல் தலையை நீட்டிவிட்டது.

கழுகு நன்றாகத்தான் இருந்தது. அவரைப் பார்த்தது. அவ்வளவுதான், சிறகை அடித்துக்கொண்டு, குஞ்சாக இருந்தபோதுகூட இல்லாத வேகத்தில் கத்த ஆரம்பித்தது.

சாயங்காலம் அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். மென்று விழுங்கி, நடந்ததைச் சொன்னார். கோட்டையில் இப்படி ஒரு சிப்பாய் வந்து நின்றிருந்தால் மூன்று நாள் குதிரைச் சாணம் அள்ள விட்டிருப்பார்.

ஷோல்பான் வாசலில் இருந்த கற்களைக் கையால் கூட்டி அள்ளி ஓடையில் போட்டாள்.

"நாளைக்கு முதல் நாள்," என்றாள்.

மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. இந்தத் தடவை அவர் காதில் கம்பளி அடைத்துக்கொண்டு போனார். பதினேழாம் நாள் கம்பளியை எடுத்துப் பார்த்தார். சத்தமே இல்லை.

விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடி வந்தார்.

"சத்தம் நின்னுடுச்சு!"

"நல்லது."

"செத்துக்கித்துப் போயிட்டாளா?"

"போடற கறி தீருதா?"

"தீருது."

"செத்தவ சாப்பிடுவாளா?"

தெமிர்கான் மூச்சு வாங்கிக்கொண்டே யோசித்தார். அப்புறம் திரும்ப மேலே ஏறினார்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அவர் எதிர்ச்சரிவில் ஒரு பாறை இடுக்கில் ஒளிந்திருந்து பார்த்தார். கழுகு விளிம்பில் நின்று காற்றுக்குச் சிறகை விரித்துக் காட்டியது. ஒரு நாள் காற்றே அதைத் தூக்கிவிட்டது. விழுந்து, புரண்டு, கீழே ஒரு பாறையைப் பிடித்துத் தொற்றிக்கொண்டது. நாலு நாள் கழித்து வெயிலில் சூடேறி எழும்பும் காற்றைக் கண்டுபிடித்தது. சிறகை ஒரு தடவைகூட அடிக்காமல் வட்டமிட்டு, வட்டமிட்டு, மலை உச்சிக்கு மேலே போய்ப் புள்ளியானது. தெமிர்கானுக்குக் கழுத்து வலித்தது, கண்ணில் நீர் வழிந்தது, பார்வையை எடுக்க முடியவில்லை. நான் வளர்த்தவள் என்று அவர் ஒரு தடவை முணுமுணுத்தார். பிறகு, தான் வளர்த்தபோது இது தத்தித் தத்தித்தான் நடந்தது என்று ஞாபகம் வந்து, பேசாமல் இருந்துவிட்டார்.

கோடை முடியும் சமயம் அது முதல் மலை அணிலைக் கொன்றது. மரமேறாமல் மண்ணுக்குள் வளை தோண்டி, குளிர்காலம் முழுக்க அதில் தூங்கும் சாதி. வளை வாசலில் நின்று சோம்பல் முறித்துக்கொண்டிருந்த கொழுத்த அணில். கழுகு சரிவை ஒட்டித் தாழப் பறந்து வந்து அள்ளிவிட்டது. இரையின் மேல் நின்று, யாரும் பறித்துவிடாதபடி இரண்டு சிறகையும் கூடாரம் போலக் கவிழ்த்து, சுற்றுமுற்றும் பார்த்தது. கத்தவில்லை.

அதன்பின் ஒரு நாள், தண்ணீர் மொள்ள ஓடைக்குப் போன தெமிர்கான் திறந்த வெளியில் மாட்டிக்கொண்டார். கழுகு தலைக்கு மேலே, கல்லெறியும் தூரத்தில் வந்துவிட்டது. ஒளிய நேரமில்லை. அவர் குடத்தோடு அப்படியே நின்றார். கழுகு பார்த்தது. ஓடையைப் பார்த்தது, பாறையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, எல்லாம் ஒரே பார்வைதான். போய்விட்டது.

குடத்தில் தண்ணீர் இல்லாமலே கூடாரத்துக்கு வந்தார்.

"என்னை அடையாளமே தெரியல, குருவே," என்றார்.

"அப்ப வலையை எடுத்து வைங்க," என்றாள் ஷோல்பான்.

சரிவில் ஒரு திட்டில் வலையை மடித்து மண்ணுக்குள் மறைத்தார்கள். நடுவே ஒரு முயலைக் கட்டி வைத்தார்கள். வலையின் கயிறு இருபது அடி தள்ளி ஒரு குழிக்குப் போனது. குழிக்கு மேலே புல்லும் சுள்ளியும் போட்டு மூடி, இரண்டு பேரும் உள்ளே பதுங்கினார்கள். ஷோல்பான் கயிற்று நுனியைத் தெமிர்கானிடம் கொடுத்தாள்.

"நீங்க இழுங்களேன்," என்றார் அவர்.

"ஏன்?"

"வலை விழுந்ததும் யார் இழுத்தாங்கன்னு பார்ப்பா. அந்த முகத்து மேலதான் கோபம் வரும். நீங்க இழுத்தீங்கன்னா, நான் அப்புறமா வந்து கறி கொடுத்து மெதுவா..." அவர் முடிக்கவில்லை.

"கூட்டிலிருந்து எடுத்த கைதான் வலையும் இழுக்கணும். எங்க வழக்கம்."

நண்பகலுக்குக் கழுகு வந்தது. முயலின் மேல் இறங்கியது, ஒரே அழுத்தில் கொன்றது, சிறகைக் கவிழ்த்துக்கொண்டது. பிடரியில் புது இறகு பொன்னாகத் துளிர்த்திருந்தது. இத்தனை பக்கத்தில் அதைப் பார்த்து இரண்டு மாதமாகிவிட்டது. தெமிர்கானின் கை கயிற்றில் இருந்தது. கழுகு ஒரு வாய் கிழித்துத் தின்றது, இன்னொரு வாய் தின்றது.

தெமிர்கான் கயிற்றைக் கீழே வைத்தார்.

கழுகு சாவகாசமாகத் தின்று முடித்து, அலகைப் பாறையில் துடைத்துக்கொண்டு, காற்றில் ஏறிப் போனது.

குழியிலிருந்து வெளியே வந்த தெமிர்கானின் முகம் புண்ணியத் தீர்த்தத்தில் முழுகி எழுந்தவர் முகம் மாதிரி இருந்தது.

"விட்டுட்டேன், குருவே," என்றார். "நீங்க சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டேன். அவ வானத்துக்குச் சொந்தம். அவ சுதந்திரமா இருக்கட்டும்."

ஷோல்பான் வலையில் ஒட்டியிருந்த மண்ணை உதறிக்கொண்டிருந்தாள்.

"அரை நாள் வேலை வீணாப் போச்சு. முயலும் போச்சு."

தெமிர்கான் திடுக்கிட்டார். இதுதான் பரீட்சை, நான் தேறிவிட்டேன் என்று நினைத்திருந்தார்.

"நான் செஞ்சது தப்பா?"

"பத்துக் குஞ்சு பறக்கக் கத்துக்கிட்டா, முதல் குளிர்காலத்தைத் தாண்டி எத்தனை வரும் தெரியுமா?"

"தெரியாது."

"மூணு. நல்ல வருஷமா இருந்தா நாலு. அதுவும் தாயும் தகப்பனும் இலையுதிர் காலம் வரைக்கும் கூட இருந்து வேட்டை காட்டின குஞ்சுங்க." அவள் வலையைச் சுருட்டினாள். "இவளுக்கு யார் காட்டினது? மலை அணில் இன்னும் பத்து நாள்ல வளைக்குள்ள போய்த் தூங்கிடும். அப்புறம் நரியும் முயலும்தான். பனியில ஓடற முயலைப் பிடிக்க இவளுக்கு இன்னும் தெரியாது."

"இதை ஏன் முன்னாலேயே சொல்லல?"

"அவளுக்கு எது நல்லதுன்னு என்னைக் கேட்டீங்களா?"

தெமிர்கான், கயிற்றைக் கீழே வைத்த நேரத்தில் தன் மனக்கண்ணில் தெரிந்தது யாருடைய முகம் என்று யோசித்துப் பார்த்தார். கழுகின் முகம் இல்லை. பெருந்தன்மையோடு கயிற்றை விடுகிற ஒரு வயதான தளபதியின் முகம். ரொம்ப அழகாக இருந்தது அந்த முகம். நினைக்க நினைக்க அவருக்குக் கூசியது.

"நாளைக்கே வலை வைக்கலாம், குருவே."

"வைக்கலாம். அவ வரணும்."

அது வரவில்லை. வயிறு நிறைந்த கழுகு வலைப் பக்கம் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. மலை அணில்கள் இருந்தவரை அது தூர மலைகளில் சுற்றியது. பிறகு, வழக்கத்தைவிட மூன்று வாரம் முன்பாகவே, பனி விழுந்தது. ஐந்து நாள் விடாமல் விழுந்தது.

தெமிர்கான் பழைய பாறை விளிம்புக்குக் கறி கொண்டுபோய் வைத்தார். ஒரு நரி தின்றது. மறுபடி வைத்தார். காக்கைகள் தின்றன. கழுகு அந்த விளிம்பை மறந்துவிட்டிருந்தது. அத்தனை பாடுபட்டு மறக்க வைத்தவர் அவர்தானே.

குதிரையை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகத் தேடினார். எட்டாம் நாள் கண்டுபிடித்தார். செத்த மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு முயல் போனது. கழுகு பாய்ந்தது, முயல் வளைந்தது, கழுகு பனியில் போய் விழுந்தது. எழுந்து மரத்துக்குத் திரும்ப அதற்கு இரண்டு முயற்சி வேண்டியிருந்தது. தெமிர்கான் பல்லைக் கடித்துக்கொண்டார். கோட்டையில் எத்தனையோ பேர் செத்ததைப் பார்த்தவர், இதைப் பார்க்க முடியாமல் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் ஷோல்பானும் அவரும் அந்த மரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு முயலைக் கட்டி வலை வைத்தார்கள். பனியில் குழி தோண்டி, வெள்ளைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். கையுறை போட்ட கையில் கயிறு வழுக்கியது. தெமிர்கான் இரண்டு கையுறையையும் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். விரல் மரத்துப்போயிற்று.

உச்சிவேளை தாண்டி வெகு நேரம் கழித்துக் கழுகு வந்தது. வானத்திலிருந்து பாயவில்லை. தாழ, தள்ளாடினாற்போல வந்து முயலின் மேல் இறங்கியது.

தெமிர்கான் இழுத்தார்.

வலை கவிழ்ந்தது. அவர் குழியிலிருந்து எழுந்து ஓடினார். கழுகு மல்லாந்து, இரண்டு காலையும் மேலே நீட்டி, வலையைக் கிழித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தது. வேலியைப் பார்க்கிற பார்வை இல்லை இது. அவரைத்தான் பார்த்தது, அவரை மட்டும்தான். அவர் குனிந்து கையை நீட்டியபோது வலது காலால் முன்கையைப் பிடித்தது. பின்நகம் ஒரு பக்கம் இறங்கி மறு பக்கம் வெளியே வந்தது.

தெமிர்கான் கையை இழுக்கவில்லை. இழுத்தால் அது வலையோடு புரண்டு சிறகை முறித்துக்கொள்ளும். மற்றக் கையால் அதன் சிறகுகளை உடம்போடு சேர்த்து அணைத்து, பனியில் மண்டியிட்டு, அப்படியே இருந்தார். இரத்தம் விரல் வழியாகச் சொட்டியது. கழுகு ஒரு சத்தமும் போடவில்லை. அவரும் போடவில்லை.

ஷோல்பான் வந்து, கண்ணை மறைக்கும் தோல் குல்லாவை அதன் தலையில் மாட்டினாள். குல்லாவுக்குள் கண் இருண்டதும் கழுகின் பிடி மெல்லத் தளர்ந்தது. நகங்களை ஒவ்வொன்றாக அவளே எடுத்துவிட்டாள். தன் தலைத்துணியைக் கிழித்து அவர் கையைச் சுற்றிக் கட்டினாள்.

"நெஞ்சைத் தொட்டுப் பாருங்க," என்றாள்.

அவர் இறகுக்குள் விரலை விட்டுத் தொட்டார். சதை இருக்க வேண்டிய இடத்தில் சதை இல்லை. நெஞ்செலும்பு கத்தி முனை போல விரலில் இடித்தது.

"எத்தனை நாள் தாங்கியிருப்பா?"

"மூணு நாள். இல்ல நாலு."

தெமிர்கான் கழுகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குல்லாவுக்குள் அதன் கண் தெரியவில்லை. ஆனால் வலை விழுந்த நேரத்தில் பார்த்த பார்வை அவருக்குள்ளே இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது. பாயில் பக்கத்தில் படுத்து வளர்த்த ஒன்று தன்னை அப்படிப் பார்க்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. கை வலியைவிட அது அதிகமாக வலித்தது.

"என்னை வெறுத்துட்டா, குருவே," என்றார். "சாகிற வரைக்கும் வெறுப்பா."

ஷோல்பான் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"வெறுக்கறதுக்கு உயிர் வேணும், தளபதியாரே. கறியை நறுக்குங்க."